கச்சான் அடிச்சா மெயில் போகமாட்டேங்குது

27 மே 2025, மண்டபத்துலேருந்து வந்த கேள்வி

அண்ணே, மண்டபத்துல ஒரு நண்டு, கணவாய் ஏற்றுமதி கம்பெனில கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான்தான் பாக்குறேன். ஆபீஸ்லயே ஒரு பழைய டெஸ்க்டாப்புல போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சர்வர் மென்பொருள் ஓடுது. எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டுட்டுப் போனது. ஃபைபர் லைன், ஒரே ஒரு நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி). ஒரு மாசமா மெயில் சில நேரம் போகுது, சில நேரம் திரும்பி வந்துருது. ஜிமெயில் வச்சிருக்கிற பார்ட்டிகளுக்குத்தான் ரொம்ப. எங்க மேனேஜர் சொல்றாரு, கச்சான் காத்து பலமா அடிக்கிற அன்னைக்குத்தான் போகலைன்னு. சிரிக்காதீங்க, நானும் ஒரு வாரம் நோட்டுல குறிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் வருது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ல முடியுது. படகு இறங்குறதுக்குள்ள எல்லாருக்கும் விலை அனுப்பியாகணும். என்ன செய்யலாம்?

27 மே, ராத்திரி

சிரிச்சுட்டேன் தம்பி. மன்னிச்சுக்குங்க.

காத்துக்கும் மெயிலுக்கும் சம்பந்தம் கிடையாது. நோட்டை மூடி வச்சுட்டு மெயில் லாக்கை, அதாவது சர்வர் செஞ்சதையெல்லாம் எழுதி வைக்கிற கோப்பைத் திறங்க. திரும்பி வந்த ஒரு மெயிலோட வரி அதுல இருக்கும். எதிர்ப்பக்கத்து சர்வர் சொன்ன மூணு இலக்க எண்ணைப் பாருங்க. 4ல ஆரம்பிச்சா "இப்ப முடியாது, பிறகு வா". 5ல ஆரம்பிச்சா "வராதே". 4 வந்தா போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலைக் கியூவுல வச்சுக்கிட்டு மறுபடி மறுபடி தட்டிக்கிட்டே இருக்கும், வழக்கமா 5 நாள் வரைக்கும். 5 வந்துட்டா அடுத்த கதவைக்கூட தட்டிப் பாக்காது, அனுப்புன ஆளுக்கே திருப்பிக் குடுத்துரும்.

எண்ணுக்குப் பின்னால இங்கிலீஷ்ல ஒரு பத்தி இருக்கும். அதையும் முழுசா அனுப்புங்க. நிறைய பேரு "மெயில் போகல"ன்னு மட்டும் சொல்வாங்க. ஆஸ்பத்திரில போயி "உடம்பு சரியில்ல"ன்னு சொல்லிட்டுப் பேசாம உக்காந்திருக்கிற மாதிரி அது.

28 மே, காலை

ஸ்க்ரீன்ஷாட் வேணாம். அதுவும் போனை வச்சு மானிட்டரைப் படம் புடிச்ச ஸ்க்ரீன்ஷாட் சுத்தமா வேணாம். எழுத்தா ஒட்டுங்க.

28 மே, மத்தியானம்

இப்பப் புரியுது. 550, 5.7.1. ஐபிவி6 (புது மாதிரி ஐபி முகவரி, பழசு ஐபிவி4) வழியா வர்ற மெயிலுக்கு வேண்டிய பிடிஆர் பதிவும் சான்றும் இல்லைன்னு ஜிமெயில் சர்வர் சொல்லுது. அடிக்கடி பாக்குற சங்கதிதான் இது.

பிடிஆர்னா தலைகீழ் பதிவு. டொமைன் பேரைக் குடுத்தா ஐபி கிடைக்கிறது நேர்வழி. ஐபியைக் குடுத்தா பேரு கிடைக்கணும், அதுதான் பிடிஆர். டொமைன் நம்ம கையில இருக்கலாம், ஆனா பிடிஆர் போடுற உரிமை ஐபியைக் குடுத்தவங்ககிட்டதான் இருக்கும். உங்க நிலையான ஐபிவி4 முகவரிக்கு அது சரியா இருக்கு, நானே இங்கேருந்து சோதிச்சுட்டேன். ஐபிவி6க்குத்தான் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை 4 வழியாவும் அடுத்ததை 6 வழியாவும் அனுப்பும். அதனாலதான் சிலது போகுது, சிலது வருது. காத்து இல்லை தம்பி, காசைச் சுண்டிப் போடுற கதை.

மருந்து ஒரே வரி. மெயின் கான்ஃபிக்ல இனெட் புரோட்டகால்ஸ்ங்கற இடத்துல ஐபிவி4 மட்டும்னு போட்டு ரீலோட் பண்ணுங்க.

28 மே, சாயந்திரம்

திருத்தம். இந்த ஒரு அமைப்புக்கு ரீலோட் பத்தாது. போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திட்டுத் திருப்பித் தொடங்கணும். நான் சொன்னபடி ரீலோட் மட்டும் பண்ணிட்டு "மாறலையே அண்ணே"ன்னு ரெண்டு மணி நேரம் முழிச்சதுக்கு நான்தான் பொறுப்பு.

31 மே

மூணு நாளா ஒண்ணும் திரும்பி வரலையாம். நல்லது.

சும்மா இருக்கோம், ஒரு பழைய கதை சொல்றேன். ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுக்கு நான் மெயில் சர்வர் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆடி அமாவாசைக்கு முந்துன வாரம். ரூம் பதிவு பண்ணுனவங்களுக்கு உறுதி மெயில் போகலை. கியூவைத் திறந்தா நாப்பதாயிரத்துச் சொச்சம் மெயில் நிக்குது. அவ்வளவு யாத்ரீகர் நம்ம லாட்ஜுக்கு வராங்களான்னு முதலாளிக்கு ஒரே சந்தோஷம். பாத்தா எல்லாம் மாத்திரை விக்கிற குப்பை மெயில். வரவேற்புல இருந்த பையனோட கணக்குக்குள்ள எவனோ புகுந்துட்டான். கடவுச்சொல் என்னன்னு நினைக்கிறீங்க? ஊர் பேரு, பக்கத்துல 123.

முதல்ல அந்தக் கணக்கைப் பூட்டினேன். அப்புறம் கியூவுல அந்தக் கணக்கு அனுப்பின மெயில்களை மட்டும் பொறுக்கி அழிச்சேன். அவசரத்துல மொத்தமா அழிச்சுராதீங்க, நடுவுல நல்ல மெயிலும் மாட்டிக்கிட்டு நிக்கும். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. குப்பையை வாருனது ஒரு ராத்திரி வேலை. ஐபிக்குக் கெட்ட பேரு போறதுக்குத்தான் ரெண்டு வாரம் ஆச்சு. அமாவாசை வரைக்கும் அந்தப் பையன் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு "ரூம் இருக்கு, வாங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தான்.

2 ஜூன்

மறுபடி திரும்புதாம். நேத்து மத்தியானத்திலேருந்து. வெளில நல்ல காத்தாம். மேனேஜர் ஒண்ணும் சொல்லலையாம், சும்மா பாத்தாராம்.

இப்ப வர்ற வரி வேற. எண் அதே 550 5.7.1. சொல்றது மட்டும் மாறியிருக்கு: இந்த ஐபிக்கு எங்க சர்வருக்கு நேரடியா மெயில் அனுப்ப அனுமதி கிடையாது, உங்க இணையச் சேவைக்காரங்களோட சர்வர் வழியா அனுப்புங்க. இது வீட்டு இணைப்புக்கும் மொபைல் இணைப்புக்கும் சொல்ற பதில். நிலையான ஐபிக்கு இதை ஏன் சொல்லணும்?

யோசிக்கிறேன். அதுவரைக்கும் சாஃப்ட் பவுன்ஸைப் போட்டு வைங்க. எதிராளி 5 சொன்னாலும் போஸ்ட்ஃபிக்ஸ் அதை 4ஆ எடுத்துக்கிட்டு மெயிலைக் கியூவுலயே வச்சிருக்கும். விலைப்பட்டியல் திரும்பி வர்றதாவது நிக்கும்.

2 ஜூன், ராத்திரி

தம்பி, என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க? இப்ப காத்து நின்ன பிறகும் போகல, ஜிமெயில் 5.7.26ன்னு சொல்லுது. அப்படின்னா "அனுப்புனது யாருன்னே உறுதியாகல". டிஎன்எஸ்ஸை (டொமைனோட பதிவுகள் இருக்கிற இடம்) பாத்தா எஸ்பிஎஃப் பதிவு ரெண்டு நிக்குது!

எஸ்பிஎஃப்ங்கறது "எங்க டொமைன் பேர்ல மெயில் அனுப்ப இந்தந்த ஐபிக்குத்தான் உரிமை"ன்னு ஊருக்கு ஒட்டுற நோட்டீஸ். ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா, "ரெண்டுல எது சரியோ அதை எடுத்துக்குவோம்"னு யாரும் உக்காந்து ஆராய மாட்டாங்க. விதிப்படி அது நிரந்தரப் பிழை, ரெண்டுமே செல்லாது. புதுசா ஒரு ஐபியைச் சேக்கணும்னா பழைய வரிக்குள்ளதான் சேக்கணும்.

ஒண்ணை நீக்குங்க. நீக்குன உடனே சரியாகாது. பழைய பதிலை மத்த சர்வருங்க எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சிருக்கும்னு அந்தப் பதிவுலயே ஒரு கணக்கு இருக்கும். உங்களோடது 86400 நொடி, அதாவது ஒரு நாள்.

3 ஜூன்

படுத்த பிறகுதான் தோணுச்சு. நேத்து எந்த ஐபியை எஸ்பிஎஃப்ல சேத்தீங்க?

3 ஜூன், பத்து நிமிஷம் கழிச்சு

"லாக்ல சதுர அடைப்புக்குள்ள இருந்த ஐபிண்ணே." சரி. அது உங்க நிலையான ஐபியா?

இல்லை, இல்லையா?

நானும் பாத்த வரிதான் அது. எண்ணைப் பாத்தேன், காரணத்தைப் பாத்தேன், அடைப்புக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கலை. ஊருக்கெல்லாம் "வரியை முழுசாப் படி"ன்னு உபதேசம்! 28ம் தேதி வரியை இப்ப திருப்பிப் படிக்கிறேன். அதுல ஒரு ஐபிவி6 முகவரி நிக்குது. முதல் நாளே நீங்க சொல்லிட்டீங்க, ஒரே ஒரு நிலையான ஐபின்னு. அந்த ஃபைபர் லைன்ல ஐபிவி6ஏ கிடையாது. அப்ப அந்த முகவரி எங்கேருந்து வந்துச்சு?

உங்க ஆபீஸ்லேருந்து வெளில போக இன்னொரு வாசல் இருக்கு. ரவுட்டரைப் போய்ப் பாருங்க.

3 ஜூன், சாயந்திரம்

ரவுட்டர் அலமாரிக்குள்ள பூட்டிக் கிடக்காம். சாவி முதலாளிகிட்ட, முதலாளி மதுரையில. வியாழக்கிழமை நானே வரேன்.

அதுவரைக்கும் வேற பேசுவோம். மெயில் போகாததெல்லாம் நம்ம பக்கத்துக்குப் புதுசா என்ன? எழும்பூர்லேருந்து ராமேஸ்வரம் வர்ற ரயிலை இன்னமும் போட் மெயில்னுதானே சொல்றோம். 1914ல பாம்பன் பாலம் திறந்த பிறகு அது தனுஷ்கோடி வரைக்கும் போகும். அங்க தபால் மூட்டையையும் ஆளுங்களையும் கப்பல்ல ஏத்தித் தலைமன்னார், அங்கேருந்து கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் புயலோட தனுஷ்கோடி போச்சு. தபாலாபீஸ் சுவரு இன்னைக்கும் மணல்ல நிக்குது. சின்ன வயசுல என் தாத்தா அதைக் காட்டி, கப்பல் ஓடாத அன்னைக்குத் தபால் மூட்டையெல்லாம் கரையில கிடக்கும்னு சொல்வாரு. திருப்பி அனுப்புவாங்களான்னு கேட்டேன். எதுக்குடா திருப்பி அனுப்பணும், நாளைக்குக் கப்பல் போகாதான்னாரு.

எதுக்கு இதைச் சொல்றேன்னு எனக்கே தெரியலை. ஏதோ சம்பந்தம் இருக்கு.

5 ஜூன்

மேனேஜர்கிட்ட நேர்லயே மன்னிப்புக் கேட்டுட்டேன். மனுசன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கச்சான் அடிச்சா மெயில் போகாது.

ராமநாதபுரத்திலேருந்து பஸ் ஏறுனேன். உச்சிப்புளி தாண்டுனதும் காத்து ஜன்னல் வழியா மண்ணை வாரி மூஞ்சில அடிக்குது. ஆபீஸ் வாசல்ல இறங்கி மேல பாத்தா ஃபைபர் கேபிள் கம்பத்துக்குக் கம்பம் ஊஞ்சல் மாதிரி ஆடுது. உள்ள போயி அலமாரியைத் திறந்தோம். ரவுட்டருக்குப் பின்னால ஒரு சிம் டாங்கிள், பச்சை விளக்கு சிமிட்டிக்கிட்டு இருக்கு. போன வருசம் யாரோ மாட்டிவிட்டுப் போனதாம், "நெட்டு கட்டாகாம இருக்க". நம்ம தம்பிக்கே தெரியாது.

நடந்தது இதுதான். காத்து பலமா அடிச்சா கேபிள் ஆடி ஃபைபர் விட்டுவிட்டு வருது. ஃபைபர் விழுந்த உடனே ரவுட்டர் தானா சிம்முக்கு மாறிடுது. உக்காந்து வேலை பாக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நெட்டு ஓடுது. ஆனா மெயில் சர்வர் இப்ப சிம்மோட ஐபியிலேருந்து பேசுது. அது ஆயிரக்கணக்கான போனுங்க பங்கு போட்டுக்கிற ஐபி. பிடிஆர் நம்ம பேர்ல இல்லை, எஸ்பிஎஃப்ல இல்லை, "இங்கேருந்து நேரடியா மெயில் வரக்கூடாது"ங்கற பட்டியல்கள்ல வேற இருக்கு. அந்த ஐபிவி6ம் சிம் குடுத்ததுதான்.

நான் 28ம் தேதி குடுத்த மருந்து ஒரு வாசலை அடைச்சுது, அவ்வளவுதான். 31ம் தேதி சரியாயிட்டதா நான் பெருமை அடிச்சேனே, அந்த மூணு நாளும் காத்தே இல்லையாம். தம்பியோட நோட்டுல இருக்கு.

எஸ்பிஎஃப்ல சிம் ஐபியைச் சேத்ததையும் இப்ப எடுத்தாச்சு. அது நாளைக்கு வேற எவன் போனுக்கோ போயிடும். நம்ம பேர்ல அனுப்ப அவனுக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்.

6 ஜூன்

இதுக்கு வழி ரெண்டு.

ஒண்ணு, வெளில ஒரு அஞ்சல் சேவையைக் காசு குடுத்து எடுத்து, நம்ம போஸ்ட்ஃபிக்ஸ் எல்லாத்தையும் 587ம் போர்ட் (மெயிலை ஒப்படைக்கிற வாசலோட எண்) வழியா கடவுச்சொல்லோட அங்க குடுத்துரும். அது தன் ஐபியிலேருந்து அனுப்பும். ஃபைபரோ சிம்மோ, கவலை இல்லை. அந்தச் சேவையோட பேரை எஸ்பிஎஃப்ல சேக்கணும், பழைய வரிக்குள்ள.

ரெண்டு, ரவுட்டர்ல ஒரே விதி: மெயில் சர்வர்லேருந்து மத்த சர்வருங்களோட 25ம் போர்ட்டுக்குக் கிளம்புறது எதுவும் சிம் வழியா வெளில போகக்கூடாது. ஃபைபர் விழுந்தா மெயில் எங்கயும் போகாது. போகாததுதான் இங்க நல்லது. இணைப்பே கிடைக்கலைன்னா போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தற்காலிகத் தடங்கலாத்தான் எடுத்துக்கும். கியூவுல வச்சிருந்து, ஃபைபர் வந்ததும் அனுப்பிரும். தப்பான வாசல் வழியாப் போயி 5 வாங்கிட்டு வர்றதைவிட வீட்டுலயே உக்காந்திருக்கலாம்.

என் ஓட்டு ரெண்டாவதுக்கு. பாம்பன் பாலத்துல காத்து வேகம் எல்லை தாண்டுனா சிக்னல் விழாது, ரயில் இந்தப் பக்கமே நிக்கும். காத்து தணிஞ்சதும் போகும். ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாச்சே, அப்புறமும் காத்துக்கு மரியாதை அதேதான். அந்தப் போட் மெயில் கதை ஏன் ஞாபகம் வந்துச்சுன்னு இப்பப் புரியுது. மெயில் சர்வரை முதல்லயே காத்திருக்கிற மாதிரிதான் கட்டியிருக்காங்க. 1982ல எஸ்எம்டிபி, அதாவது சர்வருங்க மெயிலைக் கைமாத்துற முறையோட விதியை எழுதுன காலத்துல எந்த லைனும் நம்பகமா இருந்திருக்காது. கைவிடுறதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளாவது முயற்சி பண்ணணும்னு இன்னைக்கு நடப்புல இருக்கிற விதியும் சொல்லுது. காத்திருக்கத் தெரிஞ்ச ஒண்ணுகிட்ட "நெட்டு கட்டாகாம இருக்க" ஒரு டாங்கிளை மாட்டிக் குடுத்து நாமதான் கெடுத்தோம்.

6 ஜூன், ராத்திரி

மேல எழுதுனதுல கொஞ்சம் வேகம் கூடிப்போச்சு. சரக்குக் கன்டெய்னர் ஏறுன அன்னைக்கு ஆவணம் அன்னைக்கே போயாகணும், காத்திருக்க முடியாதுன்னு மேனேஜர் சொல்றாரு. அவரு இதுவரைக்கும் சொன்னது எதுவும் தப்பானதில்லை. அப்படிப்பட்ட கம்பெனிக்கு முதல் வழிதான் சரி. ஆனா மாசாமாசம் பணம்னதும் முதலாளி முகம் மாறிப்போச்சாம். இப்போதைக்கு ரெண்டாவது. அவசர ஆவணத்துக்கு மட்டும் வேற வழி வச்சுக்கட்டும்.

7 ஜூன்

ஒரு கேள்வி வந்திருக்கு: ஃபைபர் விழுந்து கிடக்கும்போது நமக்கு வர்ற மெயில் என்ன ஆகும்? அதே கதைதான், எதிர்த்திசையில. அவங்க சர்வர் நம்ம கதவைத் தட்டும், திறக்காது, கியூவுல வச்சுக்கிட்டுப் பிறகு வரும். ரெண்டாவது எம்எக்ஸ் (நமக்கு வர்ற மெயிலை எந்த சர்வர் வாங்கும்னு சொல்ற டிஎன்எஸ் பதிவு) போடலாமான்னு கேட்டா, வேணாம்னுதான் சொல்வேன். குப்பை மெயில் அனுப்புறவன் பின்வாசலைத் தேடித்தான் முதல்ல வருவான்.

9 ஜூன்

கையோட டிகேஐஎம் போட்டாச்சு. ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் கையெழுத்துப் போட்டு அனுப்பும். அதைச் சரிபாக்குற சாவி டிஎன்எஸ்ல இருக்கும். அந்தக் கையெழுத்து மட்டும் முன்னாடியே இருந்திருந்தா ரெண்டு எஸ்பிஎஃப் குழப்பத்துல 5.7.26 வந்திருக்காது. எஸ்பிஎஃப், கையெழுத்து ரெண்டுல ஒண்ணு தேறுனாப் போதும். பார்ட்டி தன் மெயிலை இன்னொரு பெட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தா அங்க எஸ்பிஎஃப் உடைஞ்சுரும், கையெழுத்து உடையாது.

ஒரு மணி நேரம் "சாவி பொருந்தல"ன்னே வந்துச்சு. 2048 பிட் சாவி நீளமானது, டிஎன்எஸ் எழுத்துப் பதிவுல ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான். ரெண்டு துண்டா, தனித்தனி மேற்கோள் குறிக்குள்ள போடணும். தம்பி ஒட்டும்போது வால் அறுந்துபோச்சு.

11 ஜூன்

புதுப் பிரச்சினை, காத்துக்குச் சம்பந்தமே இல்லை (இந்தத் தடவை நான் அடிச்சுச் சொல்லலை). எட்டு எம்பி ஸ்கேன் கோப்பு. "அளவு மீறியது"ன்னு நம்ம சர்வரே மறுக்குது. எல்லை பத்து எம்பி ஆச்சேன்னு தம்பி கேக்குறாரு.

போஸ்ட்ஃபிக்ஸோட வழக்கமான எல்லை 10240000 பைட். ஆனா இணைப்புக் கோப்பு மெயில்ல அப்படியே போகாது, எழுத்தா மாத்தித்தான் போகும். மூணு பைட்டு நாலா வீங்கும். கணக்குப் போட்டா ஏழரை எம்பிக்கு மேல இணைச்சா தாண்டிரும். ஏழரைன்னாலே சனிதான். எல்லையைக் கூட்டிக்கலாம், எதிராளியும் வாங்கணுமே. அதைவிட ஸ்கேனரைக் கறுப்பு வெள்ளையில வைங்க. கலர்ல யாரும் கேக்கலை.

12 ஜூன்

சாஃப்ட் பவுன்ஸை எடுத்தீங்களா? எடுக்கலையா? பத்து நாளாவா? அது இருக்கிற வரைக்கும் நமக்கு வர்ற குப்பைக்கும் "பிறகு வா"ன்னுதான் நம்ம சர்வர் சொல்லும், அவனும் மரியாதையாத் திரும்பத் திரும்ப வருவான். இப்பவே எடுங்க. போடச் சொன்னவன் எடுக்கச் சொல்லியிருக்கணும், அது என் தப்பு.

17 ஜூன்

தம்பி அனுப்பின தகவல். தடைக்காலம் முடிஞ்சு படகு எல்லாம் இறங்கிருச்சு. நேத்து மத்தியானம் நல்ல காத்து, ஃபைபர் ரெண்டே கால் மணி நேரம் படுத்துருச்சு. சிம்முக்கு மாறி ஆபீஸ்ல எல்லாரும் வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க. கியூவுல 31 மெயில் நின்னுச்சு. தம்பி கையே வைக்கலையாம், டீ குடிச்சுட்டு வந்து பாத்திருக்காரு. லைன் வந்த கொஞ்ச நேரத்துல ஒவ்வொண்ணாக் கிளம்பி, சாயந்திரத்துக்குள்ள 30 போயிருச்சு.

ஒண்ணு மட்டும் திரும்பி வந்துச்சு. 550, 5.1.1, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு. பார்ட்டி பேர்ல ஒரு எழுத்தை விட்டுட்டு அடிச்சிருக்காரு மேனேஜர். அதுக்கு அவரு காத்தைச் சொல்லலை.